மேடையில் பெண் எதற்கு? ஃப்ரோமா ஸைட்லின் வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்வி

ஆங்கில இலக்கியம் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: பண்டைய கிரேக்க இலக்கியத்தையும் அதில் வரும் ஆண், பெண் பற்றிய எண்ணங்களையும் ஆராய்வதையே ஒருவர் வாழ்நாள் வேலையாக வைத்துக்கொள்ள முடியுமா? அப்படிப்பட்டவர் அன்றாடம் என்னதான் செய்வார்?

முடியும். பொதுப்படையாகச் சொன்னால் பிடி கிடைக்காது என்பதால் ஒரே ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். அவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் கற்பித்த ஃப்ரோமா ஸைட்லின். கிரேக்க நாடகத்தில் பெண் பாத்திரங்களைப் பற்றி இன்று யார் எழுத உட்கார்ந்தாலும், ஒத்துப்போகவோ மறுத்துப் பேசவோ, முதலில் அவரைப் படித்தாக வேண்டும்.

அவர் பிறந்தது 1933-இல், நியூயார்க்கில். 1954-இல் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஹார்வர்டு பெண்களுக்கென்று வைத்திருந்த கல்லூரி அது. அதன்பின் குடும்பம், பிள்ளைகள். படிப்பை அவர் விட்டுவிடவில்லை, ஆனால் அது மெதுவாகத்தான் நகர்ந்தது. வாஷிங்டனில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1965-இல் முதுகலை, கொலம்பியாவில் 1970-இல் முனைவர் பட்டம். அப்போது வயது 37. ரட்கர்ஸில் சில ஆண்டுகள் கற்பித்துவிட்டு 1976-இல் பிரின்ஸ்டனுக்கு வந்தார். பிரின்ஸ்டன் இளங்கலையில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதே 1969-இல்தான். அவர் நுழைந்தபோது அந்த வளாகத்துக்குப் பெண்கள் படிப்பதே புதிது, பெண் ஒருவர் கிரேக்கப் பேராசிரியராக இருப்பது அதைவிடப் புதிது.

இந்தத் தேதிகளைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இருபத்தைந்து வயதுக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்ற பதற்றத்தோடு இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள் அதிகம். ஸைட்லினின் முக்கியமான எழுத்து எல்லாம் நாற்பதைத் தாண்டிய பிறகு வந்தது. அதற்கான அடித்தளம் மட்டும் முன்பே விழுந்துவிட்டது. 1965-இல், முனைவர் பட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள் முன்னால், கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் ‘ஓரெஸ்டியா’ என்ற மூன்று நாடகத் தொடர் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அந்த நாடகங்களில் நடக்கும் ஒவ்வொரு கொலையும் வேள்விப் பலியின் சொற்களாலேயே சொல்லப்படுகிறது என்பதை வரிவரியாக எடுத்துக் காட்டிய கட்டுரை அது. அதில் பாலினம் என்ற பேச்சே முன்னால் நிற்கவில்லை. சொற்கள் எங்கே திரும்ப வருகின்றன, யார் வாயில் வருகின்றன, ஒரு சடங்கின் சொல் கொலைக்குள் எப்படிப் புகுந்தது என்ற கவனிப்புதான் முழுக்க. பின்னால் அவர் எழுதிய எல்லாவற்றுக்கும் வேர் அந்தக் கவனிப்பில் இருக்கிறது.

இனி அவர் வந்து சேர்ந்த நேரத்தில் துறை எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். கிரேக்கப் பெண்களைப் பற்றிய பழைய விவாதம் ஒரே தடத்தில் போய்க்கொண்டிருந்தது. ஏதென்ஸில் பெண்களின் நிலை உயர்வா, தாழ்வா? வாக்குரிமை இல்லை, நீதிமன்றத்தில் தானே வழக்காட முடியாது, சொத்தை நிர்வகிக்கத் தந்தையோ கணவனோ வேண்டும். வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிவைத்திருக்கும், ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸின் இரங்கல் உரையில், போரில் கணவனை இழந்த பெண்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை, நல்லதாகவோ கெட்டதாகவோ ஆண்கள் உங்களைப் பற்றிப் பேசாமல் இருப்பதே உங்களுக்குப் பெருமை என்பது. மறுபக்கம், அதே ஊரின் நாடகங்களில் ஆன்டிகனி அரசனை எதிர்த்து நிற்கிறாள், மெடேயா முழங்குகிறாள். 1925-இல் ஏ. டபிள்யூ. கோம் என்ற அறிஞர், இப்படிப்பட்ட பெண்களைப் படைத்த ஊர் பெண்களை இழிவாக நடத்தியிருக்க முடியாது என்ற போக்கில் வாதிட்டார். மற்றவர்கள் சட்டங்களைக் காட்டி மறுத்தார்கள். நாடகத்தைச் சான்றாகக் கொள்வதா, சட்டத்தைச் சான்றாகக் கொள்வதா என்ற இழுபறி பல பத்தாண்டுகள் ஓடியது.

1970-களில் நிலைமை மாறியது. 1972-இல் அமெரிக்கச் செவ்வியல் அறிஞர்களிடையே, அதாவது பண்டைய கிரேக்கமும் லத்தீனும் ஆராய்பவர்களிடையே, பெண்களுக்கான ஓர் அமைப்பு உருவானது. 1973-இல் ‘அரெதூசா’ என்ற ஆய்விதழ் பண்டைய உலகின் பெண்கள் பற்றித் தனி இதழ் கொண்டுவந்தது. 1975-இல் சேரா பொமராய், கிரேக்க, ரோமப் பெண்களின் வரலாற்றை முழு நூலாகவே எழுதினார். வரலாற்றுப் பக்கத்தில் பொமராய் செய்தது பெரிய வேலை. தெய்வமாக, மனைவியாக, அடிமையாக, பரத்தையாகப் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்ற உண்மையைத் தோண்டி எடுத்தார்.

ஸைட்லின் அந்தப் பாதையில் போகவில்லை. உண்மையில் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை நாடகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்பது அவருக்குத் தெளிவாக இருந்தது. எழுதியவர்கள் ஆண்கள். நடித்தவர்கள் ஆண்கள், பெண் வேடம் கட்டியவர்கள் உட்பட. போட்டியை நடத்தியது ஆண்களின் அரசு. பார்வையாளர் வரிசையில் பெண்கள் இருந்தார்களா என்பதே இன்றுவரை தீராத விவாதம். அப்படியிருக்க அவர் கேட்ட கேள்வி வேறு: பெண்ணைப் பொதுவெளியில் பேசவிடாத ஒரு நகரம், ஆண்டுக்கு ஆண்டு, தன் மிகப் பெரிய பொது விழாவில், பெண்ணாக வேடம் கட்டிய ஆணை ஏன் இவ்வளவு பேசவைத்தது? நமக்குக் கிடைத்திருக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட துன்பியல் நாடகங்களில் பெண் பாத்திரமே இல்லாதது சோஃபக்ளீஸின் ‘ஃபிலாக்டீட்டீஸ்’ ஒன்றுதான். இது தற்செயலாக இருக்க முடியாது.

கேள்வியை இப்படித் திருப்பியதும், உயர்வா தாழ்வா என்ற வழக்கு அப்படியே பின்னுக்குப் போய்விடுகிறது. மேடையில் நிற்கும் பெண் ஏதென்ஸ் பெண்ணின் படம் அல்ல. ஏதென்ஸ் ஆண் தன்னைப் பற்றி யோசிப்பதற்கு அவள் தேவைப்படுகிறாள். ஏன் தேவைப்படுகிறாள் என்பதைத்தான் அவர் நாற்பது ஆண்டுகளாக ஒவ்வொரு நாடகமாக எடுத்துப் பார்த்தார்.

முதல் பெரிய அடி 1978-இல் அதே ‘அரெதூசா’ இதழில் வந்த ‘பெண் வெறுப்பின் இயக்கம்’ பற்றிய கட்டுரை. மறுபடியும் ‘ஓரெஸ்டியா’தான். கதை தெரிந்திருக்கும்: ட்ராயிலிருந்து வெற்றியோடு திரும்பும் அகமெம்னானை மனைவி கிளைட்டெம்னெஸ்ட்ரா குளியலறையில் கொல்கிறாள், ஏனென்றால் அவன் மகள் இஃபிஜெனியாவைப் பலி கொடுத்தவன். மகன் ஓரெஸ்டஸ் வந்து தாயைக் கொல்கிறான். தாயின் ரத்தத்துக்குப் பழி கேட்டு எரினியஸ் என்ற பழம் பெண் தெய்வங்கள் அவனைத் துரத்துகின்றன. கடைசியில் ஏதென்ஸில் வழக்கு, வாக்கு சமமாக விழுகிறது, அதீனா தேவி அவன் பக்கம் நிற்கிறாள், அவன் விடுதலை.

பள்ளிப் பாடமாக இது எப்படிச் சொல்லப்பட்டு வந்தது? பழிக்குப் பழி என்ற காட்டுமிராண்டி நீதியிலிருந்து நீதிமன்றம் என்ற நாகரிகத்துக்கு மனிதகுலம் ஏறிய கதை என்று. ஸைட்லின் அதை மறுக்கவில்லை. அந்த ஏற்றத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று பார்க்கச் சொன்னார். இங்கே கொஞ்சம் நிதானமாக நாடகத்துக்குள்ளேயே போவோம், ஏனென்றால் அவருடைய கைப்பக்குவம் தெரிவது அங்கேதான்.

முதல் நாடகத்தின் பதினொன்றாவது வரியிலேயே, கூரை மேல் காவல் காக்கும் ஆள், அரசியைப் பற்றி ஆணைப் போல் திட்டமிடும் நெஞ்சுக்காரி என்கிறான். அதாவது அவள் மேடைக்கு வருவதற்கு முன்பே எல்லை மீறியவள் என்று முத்திரை விழுந்துவிட்டது. இரண்டாம் நாடகத்தில் ஓரெஸ்டஸ் இறந்துவிட்டான் என்ற பொய்ச் செய்தி வரும்போது, கிலிஸா என்ற கிழட்டுச் செவிலி அழுதுகொண்டே வருகிறாள். குழந்தை இரவில் வீறிட்டு எழுப்பியது, பசியா தாகமா மூத்திரமா என்று அது சொல்லத் தெரியாமல் இருந்தது, துணி அலசியது என்று எல்லாம் சொல்லிப் புலம்புகிறாள். துன்பியல் நாடகத்தில் இப்படிக் குழந்தைத் துணி பற்றிய பேச்சு அபூர்வம். எதற்கு வருகிறது? அவனை வளர்த்தது அந்த அடிமைப் பெண், பெற்றவள் அல்ல என்று நம் மனதில் பதிய. இதற்கு நூற்றைம்பது வரிகள்கூடத் தள்ளிப் போகவில்லை, கிளைட்டெம்னெஸ்ட்ரா தன் மார்பைத் திறந்து, நீ பால் குடித்த மார்பு இது என்று மகனிடம் கெஞ்சுகிறாள். செவிலி பேசிவிட்டுப் போயிருப்பதால் அந்தக் கெஞ்சலின் பாதி வலு ஏற்கெனவே கழிந்துவிட்டிருக்கிறது.

மூன்றாம் நாடகத்தில் அது சட்ட வாதமாகவே வருகிறது. ஓரெஸ்டஸுக்காக வாதாடும் அப்போலோ சொல்கிறார்: தாய் என்று அழைக்கப்படுகிறவள் பிள்ளையைப் பெற்றவள் அல்ல, புதிதாய் விதைத்த கருவைப் பேணும் செவிலி மட்டுமே. விதைப்பவனே பெற்றவன். செவிலியின் பேச்சு இப்போது முழுவதுமாகப் பலித்துவிட்டது. அப்போலோவுக்குச் சான்று வேண்டுமா? அங்கேயே நிற்கிறாள், தாயின் கருவறையைக் காணாமல் ஜீயஸின் தலையிலிருந்து பிறந்த அதீனா. அவளும் வாக்களிக்கும்போது, எனக்குத் தாய் இல்லை, திருமணம் தவிர எல்லாவற்றிலும் நான் ஆணின் பக்கம் என்கிறாள்.

இதே நாடகத்தின் தொடக்கத்தை ஸைட்லின் கவனிக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். டெல்ஃபி கோயிலின் பூசாரிப் பெண் மேடைக்கு வந்து, அந்த இடம் முதலில் பூமித் தாய்க்கு இருந்தது, பிறகு தெமிஸுக்கு, பிறகு ஃபீபிக்கு, அவள் அதைப் பிறந்தநாள் பரிசாக அப்போலோவுக்குக் கொடுத்தாள் என்று சொல்கிறாள். மற்ற இடங்களில் கிடைக்கும் கதையில் அப்போலோ அங்கிருந்த பாம்பைக் கொன்றுதான் அந்த இடத்தைப் பிடிக்கிறார். ஈஸ்கிலஸ் கொலையை எடுத்துவிட்டுப் பரிசு என்று வைத்திருக்கிறார். பெண் தெய்வத்திடமிருந்து ஆண் தெய்வத்துக்கு அதிகாரம் போனது, அதுவும் அவளே மனமுவந்து கொடுத்தாள். நாடகம் முடியும்போது எரினியஸ்களுக்கு நடப்பதும் இதேதான்: அவர்கள் தோற்கடிக்கப்படவில்லை, அதீனாவின் இனிய பேச்சுக்கு இணங்கி, மண்ணுக்கடியில் மரியாதையோடு குடியமர்த்தப்படுகிறார்கள். தொடக்கமும் முடிவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

ஆதியில் பெண்ணாட்சி இருந்தது, பிறகு ஆண்கள் அதை வென்றார்கள் என்று 19-ஆம் நூற்றாண்டில் பாஹோஃபன் என்பவர் இந்த நாடகத்தைச் சான்றாக வைத்து எழுதினார். அதை வரலாறு என்று நம்பியவர்கள் ஏராளம். ஸைட்லின் சொல்வது, அது வரலாறு அல்ல, தொன்மம். பெண் ஒருகாலத்தில் ஆண்டாள், ஆண்டது பேரழிவாக முடிந்தது, ஆகவே இன்றைய ஏற்பாடு நியாயம் என்று நிறுவத்தான் அந்தத் தொன்மம் உருவாக்கப்படுகிறது. ‘ஓரெஸ்டியா’ அரங்கேறியது கி.மு. 458. இரு பெற்றோரும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை என்று பெரிக்ளீஸ் சட்டம் கொண்டுவந்தது கி.மு. 451. தாய் பெற்றவளே அல்ல என்று மேடையில் தெய்வம் வாதாடி ஏழு ஆண்டுகளில், தாய் யார் என்பது சட்டத்துக்கு உயிர்நாடியாகிவிட்டது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்கு எப்போதும் சிலிர்ப்பூட்டும். மேடை சட்டத்தின் எதிரொலி என்று நம்புகிறவர்களுக்கு இது நல்ல மருந்து.

அடுத்த பெரிய கட்டுரை 1985-இல் வந்தது, ‘ப்ளேயிங் தி அதர்’. மற்றவராக நடித்தல் என்று சொல்லலாம். 1996-இல் அவர் தன் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்கியபோது அதற்கும் இதே பெயரை வைத்தார். அந்தக் கட்டுரை யூரிப்பிடீஸின் ‘பாக்கே’ நாடகத்தின் ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறது. தீப்ஸின் இளம் அரசன் பென்தியூஸ், மதுவுக்கும் நாடகத்துக்கும் தெய்வமான டயனைசஸின் வழிபாட்டை ஒடுக்க நினைப்பவன். டயனைசஸின் நீண்ட கூந்தலைக் கேலி செய்தவன். மலையில் பெண்கள் ஆடும் சடங்கை ஒளிந்து பார்க்கும் ஆசையில், பெண் உடை உடுத்திக்கொண்டு வெளியே வருகிறான். டயனைசஸ் பக்கத்தில் நின்று சரிசெய்கிறார். தலைப்பட்டைக்குள்ளிருந்து ஒரு முடிக்கற்றை நழுவியிருக்கிறது, உள்ளே ஆடிப் பார்த்தபோது கலைந்தது என்கிறான் பென்தியூஸ். இடுப்புக் கச்சை தளர்ந்திருக்கிறது. உடையின் மடிப்பு கணுக்காலில் சரியாக விழவில்லை. பென்தியூஸ் திரும்பிப் பார்த்து, வலப்பக்கம் சரியில்லை, இடப்பக்கம் குதிகால் வரை நேராகத்தான் விழுகிறது என்கிறான். நான் என் அம்மா அகாவே மாதிரி நிற்கிறேனா என்றும் கேட்கிறான். சற்று நேரத்தில் அதே அம்மா, வெறியில் மகனென்று அறியாமல், அவனைக் கிழித்துப் போடுவாள். சாகும் தறுவாயில் அவன் செய்வது, அந்தத் தலைப்பட்டையைப் பிய்த்தெறிந்து, நான் உன் மகன் என்று முகத்தைக் காட்டுவது.

ஸைட்லின் இதில் கண்டது ஒரு பைத்தியக்காரனின் அவமானத்தை மட்டுமல்ல. ஆண் ஒருவன் பெண் உடை உடுத்தி, மடிப்பைச் சரிசெய்துகொண்டு, அடி எடுத்து வைக்கப் பழகுவது நாடகத்துக்கு முன்னால் ஒவ்வொரு நடிகனும் செய்யும் வேலை. நாடகம் தன் வேலையைத் தானே மேடையில் காட்டுகிறது. பென்தியூஸாக நடித்தவரே பிறகு அகாவேயாகவும் வந்திருப்பார் என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. அப்படியானால் மகனும் அவனைக் கொன்ற தாயும் ஒரே உடல்.

இங்கிருந்து அவர் விரித்துச் சொல்வது: துன்பியல் நாடகத்துக்கு அடிப்படையான நான்கு விஷயங்களைக் கிரேக்கர்கள் பெண்ணோடு சேர்த்துத்தான் யோசித்தார்கள். ஒன்று உடல், வலிக்கும், கட்டுப்பாட்டை இழக்கும் உடல். மேடையில் ஆண் தன் உடலை உணர்வது துன்பத்தில்தான், அந்த நேரத்தில் தன்னைப் பெண்ணோடு ஒப்பிட்டுக்கொள்கிறான். இன்னொன்று இடம். மேடைக்குப் பின்னால் ஒரு கதவு, கதவுக்கு உள்ளே வீடு, வீடு பெண்ணின் ஆட்சிப் பகுதி. வெளியே வந்து முழங்கும் அரசன் எவனாக இருந்தாலும் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போனால் அங்கே அவனுக்கு எதுவும் தெரியாது. அகமெம்னான் அப்படித்தான் செத்தான். மூன்றாவது சூழ்ச்சி, கதையின் முடிச்சைப் போடுவதும் அவிழ்ப்பதும். நான்காவது நடிப்பு, மற்றொருவர் போல் ஆவது. ஆண் தன் எல்லைகளைத் தாண்டி முழுமையான மனிதனாகத் தன்னைக் கற்பனை செய்ய, பெண்ணாகி நடித்துப் பார்க்கிறான். ஆனால் லாபம் யாருக்கு? நாடகம் முடிந்ததும் விரிந்த மனம் ஆணுடையது. பெண் பாத்திரம் பெரும்பாலும் பிணமாகவோ பழிக்கு ஆளாகியோ கிடக்கிறாள். இந்தக் கசப்பை அவர் மழுப்பவில்லை. அதனால்தான் அவரை நான் நம்புகிறேன்.

இதற்கு இடையில் 1981-இல் அரிஸ்டோஃபனீஸின் நகைச்சுவை நாடகம் ஒன்றையும் இதே கண்ணால் படித்தார். கி.மு. 411-இல் நடந்த ‘தெஸ்மஃபோரியாசூசை’. யூரிப்பிடீஸின் உறவினர் ஒருவருக்கு மேடையிலேயே தாடியை மழித்து, உடல் முடியைச் சுட்டுப் பொசுக்கி, பெண் உடை மாட்டிப் பெண்கள் மட்டுமே கூடும் விழாவுக்கு உளவு பார்க்க அனுப்புகிறார்கள். 1982-இல் ஈஸ்கிலஸின் ‘தீப்ஸை எதிர்த்த எழுவர்’ பற்றி ஒரு தனி நூல். ஏழு வாயில்களில் வந்து நிற்கும் வீரர்களின் கேடயச் சின்னங்களை ஒவ்வொன்றாக வாசித்து, ஏழாவது வாயிலில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நிற்கும் வரை கொண்டுபோகும் நூல் அது. கடினமான வாசிப்பு, முதலில் அதைத் தொட வேண்டாம்.

அவரோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது பாரிஸ். ஜான் பியேர் வெர்னான், பியேர் விடால்-நாக்கே, மார்செல் டெடியன், நிக்கோல் லோரோ ஆகியோர் அங்கே கிரேக்கத் தொன்மத்தை மானிடவியல் கண்ணோடு படித்துக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலம் பேசும் செவ்வியல் உலகம் அவர்களைச் சந்தேகத்தோடு பார்த்த காலத்தில், ஸைட்லின் அவர்களை வாசித்து, விவாதித்து, அமெரிக்க மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். 1991-இல் வெர்னானின் கட்டுரைகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் கொண்டுவந்தவரும் அவர்தான். ஒரு அறிஞரின் பணிவாழ்க்கையில் இந்த வேலைக்குப் பெயர் கிடைப்பது குறைவு. ஆனால் ஒரு துறையின் பேச்சையே மாற்றுவது இப்படிப்பட்ட வேலைகள்தான்.

1990 இன்னொரு முக்கியமான ஆண்டு. ஜான் விங்க்ளரோடு சேர்ந்து அவர் தொகுத்த ‘நத்திங் டு டூ வித் டயனைசஸ்?’ ஏதென்ஸ் நாடகத்தை அதன் விழா, போட்டி, அரசியல் சூழலில் வைத்துப் பார்த்தது. அதே ஆண்டு டேவிட் ஹால்பரின், விங்க்ளர் இருவரோடும் சேர்ந்து ‘பிஃபோர் செக்ஷுவாலிட்டி’. பாலுறவு பற்றி இன்று நாம் எண்ணும் வகைப்பாடுகள் கிரேக்கர்களிடம் இருந்தனவா என்று கேட்கும் தொகுப்பு. விங்க்ளர் அந்த ஆண்டே எய்ட்ஸால் இறந்துபோனார். அந்த இரண்டு நூல்களையும் கையில் எடுக்கும்போது இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பழங்கால கிரேக்கக் கவிஞர் ஹீசியட் சொல்லும் பாண்டோரா பற்றி அவர் எழுதியதும் எனக்கு மிகப் பிடித்தது. முதல் பெண்ணைத் தெய்வங்கள் மண்ணால் செய்து, அலங்கரித்து, ஆண்களுக்குத் தண்டனையாக அனுப்புகின்றன. அவள் ஒரு பெரிய தாழியைத் திறக்கிறாள், நோயும் துன்பமும் வெளியே பறக்கின்றன, நம்பிக்கை மட்டும் விளிம்புக்குக் கீழே தங்கிவிடுகிறது. நம்பிக்கை ஏன் உள்ளேயே தங்கியது என்று பல நூற்றாண்டுகளாக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஸைட்லின் அந்தத் தாழியைப் பெண்ணின் வயிறாகவே படிக்கிறார். உள்ளே தங்கியிருக்கும் நம்பிக்கை, இன்னும் பிறக்காத பிள்ளை. ஆணுக்குப் பிள்ளை வேண்டும், அதற்குப் பெண் வேண்டும், அந்தத் தேவையையே சுமையாகப் பார்க்கிறான் ஹீசியட். இதை முழுக்க ஏற்காதவர்கள் உண்டு. ஆனாலும் ஒருமுறை இப்படிப் படித்த பிறகு அந்தக் கதையைப் பழையபடி படிக்க முடிவதில்லை.

எதிர்ப்பும் வந்தது, வர வேண்டியதுதான். 1978 கட்டுரையில் அவர் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்: ஆண் பெண், மேல் கீழ், ஒளி இருள், நகரம் வீடு, பண்பாடு இயற்கை என்று எதிரெதிராக. எதையும் எதிரெதிர் இணைகளாகப் பிரித்துப் பார்க்கும் அமைப்பியல் உச்சத்தில் இருந்த காலத்தின் பழக்கம் அது. இன்று படித்தால் அந்தப் பக்கம்தான் மிகவும் பழையதாகத் தெரிகிறது. நாடகம் அவ்வளவு ஒழுங்காக இரண்டாகப் பிரிந்து நிற்பதில்லை. ஹெலீன் ஃபோலி என்ற செவ்வியல் அறிஞர் 2001-இல் எழுதிய நூலில், பெண் பாத்திரங்கள் தாமாக அறம் சார்ந்த முடிவுகளை எடுப்பதையும் அந்த முடிவுகளுக்கு அவற்றுக்கே உரிய எடை இருப்பதையும் காட்டினார். எல்லாப் பெண் பாத்திரமும் ஆணின் சிந்தனைக் கருவி என்றால் ஆன்டிகனி சொல்வதை நாம் காதில் வாங்காமலே போய்விடுவோம் என்ற கவலை நியாயமானது. நான் ஃபோலியின் பக்கம் கொஞ்சம் சாய்பவன். ஆனால் ஃபோலியின் கேள்வியே ஸைட்லின் திறந்த வாசல் வழியாகத்தான் வந்தது.

பிறகு யாரும் எதிர்பாராத ஒரு திருப்பம். பிரின்ஸ்டனில் யூத ஆய்வுத் திட்டத்தை 1996-இல் தொடங்கி 2005 வரை நடத்தினார். நாஜி இனப்படுகொலை பற்றிய இலக்கியத்தையும் படங்களையும் கற்பித்தார், நேரில் கண்டிராத அடுத்த தலைமுறை அந்த நினைவை எப்படி எழுதுகிறது என்று கட்டுரை எழுதினார். கிரேக்கத்தை விட்டுவிட்டு வேறு எங்கோ போய்விட்டார் என்று நினைக்கத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனக்கு நேராத ஒன்றை ஒருவர் எப்படித் தன்னுடையதாக்கிச் சொல்கிறார் என்பது ‘ப்ளேயிங் தி அதர்’ கேட்ட கேள்விக்கு நெருங்கிய உறவு.

2010-இல் ஓய்வு பெற்றார். 2023-இல், ஏறத்தாழ தொண்ணூறு வயதில், இன்னொரு கட்டுரைத் தொகுப்பு வந்தது, ‘தி ரெட்ரோஸ்பெக்டிவ் மியூஸ்’.

இனி நீங்கள் கேட்ட அன்றாட வேலை. பெரும்பகுதி நேரம் ஒரு நாடகத்தின் மூல வரிகளோடுதான் கழியும். கையெழுத்துப் படிகள் வேறுபடும் இடத்தில் எது சரியான பாடம் என்று பார்ப்பது, ஒரு சொல் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று தேடுவது, ஒரு குவளை ஓவியத்தில் அதே காட்சி எப்படித் தீட்டப்பட்டிருக்கிறது என்று ஒப்பிடுவது. லிடல்-ஸ்காட் கிரேக்க-ஆங்கில அகராதி எப்போதும் பக்கத்தில் இருக்கும். ஸைட்லின் தொடங்கிய காலத்தில் அந்தத் தேடல் முழுக்க அட்டவணைப் புத்தகங்களில், விரல் நுனியில். 1972-இல் கலிஃபோர்னியாவின் இர்வைனில் தொடங்கிய கிரேக்கச் சொற்களஞ்சியத் திட்டம் கிரேக்க நூல்களைக் கணினிக்குள் கொண்டுவந்த பிறகு, பல வாரத் தேடல் சில நொடிகளாகிவிட்டது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்தில் மூலம், மொழிபெயர்ப்பு, அகராதி மூன்றும் இலவசமாகவே கிடைக்கின்றன. மீதி நேரம் வகுப்பு, மாணவர்களின் ஆய்வேட்டைத் திருத்துவது, மற்றவர்கள் இதழ்களுக்கு அனுப்பும் கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொல்வது. கிரேக்கத்தோடு லத்தீன், அதற்குமேல் பிரெஞ்சும் ஜெர்மனும் படிக்கும் அளவுக்கு வேண்டும், ஏனென்றால் பாதி ஆய்வு அந்த மொழிகளில் கிடக்கிறது.

வேலை வாய்ப்பு பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: குறைவு, இன்னும் குறைந்துகொண்டே வருகிறது. 2021-இல் அமெரிக்காவின் ஹோவர்டு பல்கலைக்கழகம் தன் செவ்வியல் துறையையே கலைப்பதாக அறிவித்தது. அதே ஆண்டு பிரின்ஸ்டன், செவ்வியல் இளங்கலை மாணவர்களுக்குக் கிரேக்கமோ லத்தீனோ கட்டாயம் என்ற விதியை எடுத்துவிட்டது. கதவு பலருக்கும் திறக்கட்டும் என்பது அவர்களின் எண்ணம், அதை மதிக்கிறேன். ஆனால் மேலே சொன்ன செவிலியின் பேச்சுக்கும் அப்போலோவின் வாதத்துக்கும் இடையே ஓடும் இழையை மொழிபெயர்ப்பில் மட்டும் படித்துப் பிடிப்பது கடினம். ஆராய்ச்சிக்கு வருகிறவர் எப்போது தொடங்கினாலும் மூலமொழியைக் கற்றே ஆக வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ‘ஓரெஸ்டியா’ மூன்று நாடகங்களையும் ஏதாவது ஒரு நல்ல ஆங்கில மொழிபெயர்ப்பில், ஒரே மூச்சில் அல்ல, ஒரு வாரம் எடுத்துப் படியுங்கள். பிறகு 1978 கட்டுரை. அதன்பின் ‘பாக்கே’, உடனே 1985 கட்டுரை. ஸைட்லின் எங்கே உங்களைச் சம்மதிக்க வைக்கவில்லையோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே என்ன கிரேக்கச் சொல் இருக்கிறது என்று பெர்சியஸில் பாருங்கள். எழுத்தே தெரியாது என்றால் அதற்கு ஒரு வாரம் போதும். அந்தத் தேடல் உங்களுக்குச் சலிக்கவில்லை என்றால் கிரேக்க இலக்கணப் புத்தகம் ஒன்றை வாங்குங்கள்.